ஜூலையில் கேட்க வேண்டிய கேள்வி



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பள்ளிகள் திறந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். பாடப்புத்தகங்களுக்கு அட்டை போட்டு முடித்திருப்பீர்கள். ஆட்டோ, வேன் ஏற்பாடெல்லாம் ஒருவழியாகச் சீராகியிருக்கும். தேர்வைப் பற்றிப் பத்திரிகைகள் மார்ச்சில் எழுதும். முடிவுகளைப் பற்றி மே மாதத்தில் எழுதும். நான் ஜூலையில் எழுதுகிறேன். ஏதாவது செய்வதற்கு நேரம் இருக்கிற மாதம் இதுதான்.

வெளியூர்க்காரர்களுக்குப் பெங்களூரின் மல்லேஸ்வரம் என்றால் காடு மல்லேஸ்வரர் கோயில், எட்டாவது கிராஸ் கடைவீதி, வீணா ஸ்டோர்ஸ் இட்லி. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு இது தேர்வு நடத்தும் ஊர். ஆறாவது கிராஸில் பத்தாம் வகுப்புக்கான எஸ்.எஸ்.எல்.சி. வாரியம். சம்பிகே சாலையில் பதினெட்டாவது கிராஸ் பக்கம், பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இணையான பி.யூ.வின் போர்டு. அங்கேயே சி.இ.டி. என்ற நுழைவுத் தேர்வை நடத்தும் கர்நாடகத் தேர்வு ஆணையம். பத்தாம் வகுப்பு, பி.யூ. இரண்டின் தேர்வுகளையும் 2022இல் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து, கர்நாடகப் பள்ளித் தேர்வு மற்றும் மதிப்பீட்டு வாரியம் என்று பெயர் வைத்தார்கள். பீதரிலிருந்து சாமராஜநகர் வரை எந்தக் கிராமத்துப் பிள்ளை தேர்வு எழுதினாலும், அதன் மார்க்ஸ் கார்டுக்கான முடிவுகள் இந்தச் சில தெருக்களுக்குள்தான் எடுக்கப்படுகின்றன.

அந்த அலுவலகங்களின் வாசலில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். உள்ளே மார்க்ஸ் கார்டு, ஆதார் நகல், தலைமையாசிரியர் முத்திரை குத்திய கடிதம். அப்பா பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும். இனிஷியல் முன்னும் பின்னுமாக மாறியிருக்கும். நம் தமிழ்ப் பெயர்களுக்கு இந்தத் தொல்லை சற்றுக் கூடுதல். இரவு பஸ் ஏறி வந்து, காலையில் மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் முகம் கழுவிக்கொண்டு, பத்து மணிக்கு ஜன்னல் திறக்கும் என்று காத்திருப்பவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. ஒரு காகிதத்துக்கு இத்தனை கனம் இருப்பதால்தான் அந்தக் காகிதம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று நாம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பக்கத்து ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய மூத்த பிள்ளை பத்தாம் வகுப்பில் தேறிவிட்டான், இளையவன் தேறவில்லை. “பெரியவனைவிடச் சின்னவன் நன்றாகப் படிப்பவன். நடுவில் ஹாலில் கேமரா வைத்துவிட்டார்கள். கேமரா வந்ததால்தான் இப்படி ஆனதா, இல்லை என் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லையா?” என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தை ஒரு வரியில் பதில் எழுதி மூடிவிட என்னால் முடியவில்லை.

கர்நாடகத்தின் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி விழுக்காட்டைச் சில ஆண்டுகளுக்குச் சேர்த்து வைத்துப் பாருங்கள். 2019இல் 73.70. கொரோனாவுக்கு நடுவே ஜூன், ஜூலையில் நடத்திய 2020இல் 71.80. 2022இல் 85.63. 2023இல் 83.89. எல்லா அறைகளிலும் கேமரா வைத்து, நேரலையாகக் கண்காணித்த 2024இல் 73.40. அதற்கடுத்த ஆண்டு முதல் தேர்வில் 66.14.

2021ஐ வேண்டுமென்றேதான் தனியே வைத்தேன். அந்த ஆண்டு பெருந்தொற்றுக்காகத் தேர்வை இரண்டே நாளாகச் சுருக்கினார்கள். ஜூலை 19ஆம் தேதி கணிதம், அறிவியல், சமூக அறிவியல் மூன்றுக்கும் சேர்த்து ஒரே வினாத்தாள். 22ஆம் தேதி மூன்று மொழிகளுக்கும் ஒன்று. எழுதவே வேண்டாம், ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். எட்டே முக்கால் லட்சத்தை நெருங்கிய மாணவர்களில் ஒரே ஒருவர்தான் தேறவில்லை. அதுவும் அவருக்குப் பதில் வேறொருவர் தேர்வெழுத வந்ததால்.

ஓராண்டில் ஏறக்குறைய எல்லோரும் தேறுகிறார்கள். நான்கு ஆண்டு கழித்து மூன்றில் ஒருவர் தேறவில்லை. பிள்ளைகளின் அறிவு இந்த வேகத்தில் ஏறி இறங்காது. மாறியது அளக்கும் கருவி. வினாத்தாளின் வகை, மதிப்பெண் சலுகை, அறையில் யார் பார்க்கிறார்கள் என்பது, இவைதான் இந்த எண்களை மேலும் கீழும் இழுத்தன. 2024இல் கேமராவோடு விட்டிருந்தால் தேர்ச்சி ஐம்பதுகளில்தான் நின்றிருக்கும். சலுகை மதிப்பெண்ணை 10 விழுக்காட்டிலிருந்து 20ஆக உயர்த்தியதால்தான் 73ஐத் தொட்டது. முதலமைச்சரே அதை விரும்பவில்லை. அடுத்த ஆண்டு அந்தச் சலுகை இல்லை, எண் இன்னும் இறங்கியது. பிறகு 2025-26 முதல் தேர்ச்சிக்கான மதிப்பெண்ணை 35இலிருந்து 33ஆகக் குறைத்தார்கள். இனி எண் மேலே போகலாம். அப்படிப் போனால், பிள்ளைகள் கூடுதலாகக் கற்றுவிட்டார்கள் என்று யாரும் அவசரப்பட்டு மகிழ வேண்டாம்.

கேமராவுக்கு நான் எதிரி இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டாவது கிராஸில் 2016இல் நடந்ததைக் கண்டவர்கள் யாரும் கண்காணிப்பு வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். அந்த மார்ச் 21 அன்று இரண்டாம் ஆண்டு பி.யூ. வேதியியல் தேர்வு. வினாத்தாள் கசிந்துவிட்டது என்று அதை ரத்து செய்தார்கள். மறுதேர்வு மார்ச் 31. அதுவும் கசிந்தது, தேர்வு தொடங்கச் சில மணி நேரத்துக்கு முன்னால் அதையும் ரத்து செய்தார்கள். சுமார் 1.74 லட்சம் பிள்ளைகள். மல்லேஸ்வரம் பி.யூ. போர்டு வாசலில் மாணவர்கள் சீருடையோடு உட்கார்ந்து முழக்கமிட்டார்கள். கடைசியில் ஏப்ரல் 12 அன்று மூன்றாவது முறையாகத்தான் தேர்வு நடந்தது. ஒரே பாடத்தை மூன்று வாரம் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுக் காத்திருந்த அந்தப் பிள்ளைகளுக்கு யார் ஈடு செய்ய முடியும்? அதற்குப் பின்தான் கருவூலங்களிலும் வினாத்தாள் கட்டு போகும் வண்டிகளிலும் கண்காணிப்புக் கருவிகள் வந்தன. நேர்மையாகப் படித்த பிள்ளைக்கு அரசு செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது.

ஆனால் கேமராவால் செய்யமுடிந்தது அவ்வளவுதான். ஒருவன் பக்கத்துப் பையனின் தாளைப் பார்ப்பது அதற்குத் தெரியும். ஒருத்தி தன் தாளை வெறுமையாக வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பதும் அதன் கண்ணில் படும். ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்பது தெரியாது. நம் ஸ்ரீராமபுரத்துப் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது, தெருவில் கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறது, பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கிறது. “ஒளிச்சிதறலுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் தருக” என்று வினாத்தாள் ஆங்கிலத்தில் கேட்டால், அந்தப் பிள்ளைக்கு ஒளிச்சிதறல் தெரியவில்லையா, கேள்வி புரியவில்லையா, புரிந்தும் எழுத வரவில்லையா? மூன்றும் மூன்று வெவ்வேறு குறைகள். மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு வைத்தியம். மார்க்ஸ் கார்டில் மூன்றுக்கும் ஒரே எண்தான் விழும்.

2024இல் கேமரா உடுப்பியிலும் இருந்தது, யாதகிரியிலும் இருந்தது. உடுப்பியில் 94 விழுக்காடு தேறினார்கள், யாதகிரியில் 50.59. கருவி ஒன்றுதான், வகுப்பறை ஒன்றில்லை. கல்யாண கர்நாடகம் என்று அழைக்கப்படும் அந்த வடகிழக்கு மாவட்டங்களில் ஆசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடப்பதும், பருத்தி எடுக்கும் நாள்களில் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் போவதும் புதிய செய்தி அல்ல. அதே ஆண்டு மாநிலத்திலேயே முதலாவதாக 625க்கு 625 வாங்கியவள் பாகல்கோட்டை மாவட்டத்தில் அரசின் மொரார்ஜி தேசாய் உறைவிடப் பள்ளியில் படித்த விவசாயி மகள். உறைவிடப் பள்ளியில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மாலையில் ஓர் ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறார். இன்று புரியாதது இன்றே தெரிந்துவிடுகிறது. அவளுடைய மார்க்கைக் கொண்டாடிய நாம், அந்த மாலை நேரத்தைப் போதுமான அளவு கவனிக்கவில்லை என்பது என் வருத்தம்.

அரசுக்கும் இந்தக் கவலை இல்லாமல் இல்லை. பத்தாம் வகுப்பு வரை காத்திருக்கக் கூடாது, முன்னதாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் 5, 8, 9 வகுப்புகளுக்கு வாரியத் தேர்வு கொண்டுவந்தார்கள். நோக்கத்தில் குறை காண மாட்டேன். நடந்தது என்ன? 2024 மார்ச் 6 அன்று உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதை ரத்து செய்தார். மறுநாளே டிவிஷன் பெஞ்ச் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது, தேர்வு தொடங்கியது. 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் குறுக்கிட, தேர்வு பாதியில் நின்றது. 22ஆம் தேதி டிவிஷன் பெஞ்ச் அனுமதித்தது, மிச்சம் நடந்தது. ஏப்ரல் 8 அன்று முடிவுகளை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. பத்து வயதுப் பிள்ளைகள் படித்து, நிறுத்தி, மறுபடி படித்து, எழுதி, பதில் தெரியாமலே நின்றார்கள். தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையும் வாரியத் தேர்வில் தேறியாக வேண்டியதில்லை என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டச் சிக்கலை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் கேள்வி வேறு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்பதை மல்லேஸ்வரம்தான் வினாத்தாள் அச்சடித்துக் கண்டுபிடிக்க வேண்டுமா? அந்தப் பிள்ளையின் ஆசிரியருக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

தெரிந்துகொள்ளப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் அசர் ஆய்வின் வாசிப்புக் கருவி ஒரே ஒரு தாள்தான். அதில் சில எழுத்துகள், சில சொற்கள், முதல் வகுப்பு அளவுக்கு ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவுக்கு ஒரு சின்னக் கதை. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டும். பத்தி தடங்கலின்றி வந்தால் கதைக்குப் போகலாம். தடுமாறினால் சொற்களுக்கு இறங்கலாம். கணக்குக்கும் அப்படியே: எண்களை அடையாளம் காண்பது, கடன் வாங்கிக் கழிப்பது, மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்கத்தால் வகுப்பது. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள். முடிந்ததும் ஆசிரியருக்கு ஒன்று தெரியும்: இந்தப் பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிப்பதில்தான் சிக்கல். நாளைக் காலை எங்கே தொடங்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எந்த மார்க்ஸ் கார்டும் இதைச் சொன்னதில்லை.

நம் பள்ளிகளில் இதற்கு ஏற்பாடு காகிதத்தில் இருக்கிறது. எஃப்.ஏ. என்று பிள்ளைகள் சொல்லும் வளரறி மதிப்பீடு ஆண்டுக்கு நான்கு முறை. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு இருபது மதிப்பெண் இந்த வழியில்தான் பள்ளியே தருகிறது. நடைமுறையை நீங்கள் அறிவீர்கள். எஃப்.ஏ. வாரத்தில் ஸ்டேஷனரிக் கடையில் கூட்டம். சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, படங்கள் அச்சிட்ட தாள், தெர்மாகோல். இரவு பதினோரு மணிக்கு அம்மா எரிமலை செய்துகொண்டிருப்பார், பிள்ளை தூங்கிவிட்டிருக்கும். மறுநாள் எல்லோருக்கும் பதினெட்டு, பத்தொன்பது, இருபது. ஆசிரியரை நான் குறை சொல்லத் தயாரில்லை. ஐம்பது பிள்ளைகள், நான்கு மதிப்பீடு, ஒவ்வொன்றுக்கும் பதிவேடு, அதன் பிறகு கணினியில் ஏற்றம். குறைத்துப் போட்டால் ‘எங்கள் பிள்ளை மார்க்கில் ஏன் கைவைத்தீர்கள்’ என்று கேட்கப் போகிறவர்கள் நாம்தான்.

தமிழ்நாட்டில் நடந்ததும் நமக்குப் பாடம். கொரோனா இடைவெளியில் பின்தங்கிய சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்காக 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கினார்கள். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்து, அந்த நிலையிலிருந்தே கற்பிப்பது திட்டம். அருமையான யோசனை. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் எழுத்து தெரியாத பிள்ளைக்கு எழுத்திலிருந்தே தொடங்கலாம் என்று அரசே சொன்னது பெரிய விஷயம். மதிப்பீட்டைக் கைப்பேசிச் செயலியில் வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆசிரியர் தம் கைப்பேசியைத் திறந்து பதிவு செய்ய வேண்டும். சிக்னல் இல்லாத ஊரும் உண்டு, சர்வர் தூங்கும் நேரமும் உண்டு. எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் ஏற்ற வேண்டிய மற்ற விவரங்கள் வேறு. கற்பிக்கும் நேரம் பதிவேற்றத்தில் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து முறையிட்டன. அந்த முறையீட்டில் நியாயம் இருக்கிறது. தகவல் சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. வகுப்பில் இருக்கும் ஆசிரியருக்கு அது மறுநாள் காலை என்ன செய்யலாம் என்ற உதவியாகத் திரும்பி வர வேண்டும். அந்தத் திரும்பும் வழிதான் எங்கும் பலவீனமாக இருக்கிறது, இங்கே கர்நாடகத்திலும்.

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு தொழில்நுட்பம் வேண்டாம் என்று சொல்ல முடியாது; சொல்லவும் கூடாது. நாட்டுக்கே பாடம் கொடுக்கும் தீக்ஷா தளத்தின் அடித்தளமான சன்பேர்ட் உருவானது இந்த ஊரில். அதனால் ஒரு யோசனை சொல்கிறேன். தேர்வு முடிந்தபின் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால், ஸ்கேன் செய்த விடைத்தாள் நகல் கிடைக்கிறது. பெரும்பாலும் ஓரிரு மார்க்குக்காகப் போராடும் முதல் வரிசைப் பிள்ளைகள்தான் அதை வாங்குகிறார்கள். தேறாத பிள்ளைக்குத்தான் அது அவசியம். தேறாத ஒவ்வொருவருடைய விடைத்தாளையும் கட்டணமில்லாமல் அவர்களுடைய பள்ளிக்கே அனுப்பட்டும். ஆசிரியரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்க்கட்டும். இங்கே கேள்வியே புரியவில்லை, இங்கே சூத்திரம் சரி, கூட்டலில் பிசகிவிட்டது, இங்கே தெரிந்தும் பயந்து விட்டுவிட்டாய் என்று. 2023-24இலிருந்து ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வுகள் வைக்கிறார்கள். தேறாதவர்கள் ஓராண்டு வீணாகாமல் மீண்டும் எழுதலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கே தவறினோம் என்று தெரியாமல் சில வாரங்களில் மறுபடி எழுதுகிற பிள்ளை, அதே இடத்தில் மறுபடி தவறத்தானே செய்யும்?

கடிதம் எழுதிய அந்த அம்மாவுக்கு: உங்கள் மகனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று பொருள் இல்லை. கேமரா அவனைத் தோற்கடிக்கவும் இல்லை. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்னால் எங்கோ ஓரிடத்தில் அவனுக்கு ஒன்று புரியாமல் போயிருக்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்களுக்கு நேரம் இல்லை. அது எது என்று கண்டுபிடியுங்கள். அவனைத் திட்டாமல், விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து, அவனுடைய பழைய ஆசிரியர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்கமாட்டார்கள்.

மற்றப் பெற்றோர்களுக்கு: இந்த ஆண்டின் முதல் எஃப்.ஏ. இப்போதுதான் வருகிறது. அது முடிந்து பள்ளியில் கூப்பிடும்போது, ‘எத்தனை மார்க்’ என்று கேட்பதற்கு முன்னால், ‘இவளுக்கு இன்னும் எது வரவில்லை, டீச்சர்?’ என்று கேளுங்கள். ஆசிரியர் குறைத்து மார்க் போட்டிருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். ப்ராஜெக்ட்டைப் பிள்ளையே கோணல்மாணலாகச் செய்து கொண்டுபோகட்டும். அரசுப் பள்ளிப் பெற்றோர்களுக்கு எஸ்.டி.எம்.சி. என்னும் பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்காரும் உரிமை இருக்கிறது. கூட்டத்துக்குப் போங்கள். சுண்ணாம்பு, கழிப்பறை பற்றிப் பேசிய பிறகு, எத்தனை பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை என்றும் கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எஃப்.ஏ.வை உண்மையாகவே பிள்ளையை அறிந்துகொள்ளப் பயன்படுத்தும் வழி உங்களில் சிலருக்குக் கைவந்திருக்கும். அதை எங்களுக்கு எழுதுங்கள். தமிழிலோ கன்னடத்திலோ எழுதலாம். கன்னடத்தில் வந்தால் நாங்கள் மொழிபெயர்த்துக்கொள்கிறோம். பெயரும் பள்ளியும் வேண்டாம் என்றால் போடமாட்டோம். வரும் கடிதங்களுக்கு அடுத்த இதழில் நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்